வாவியைப் படிக்காமல் மட்டக்களப்பைப் படிக்க முடியாது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் முழுவதும் வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

கொஞ்சக் காலமாக முகநூலில் ஒரே விவாதம் திரும்பத் திரும்ப ஓடுகிறது. மட்டக்களப்புக்கு முதலில் வந்தது யார்? ஒருவர் "நீங்கள் 1626இல் வந்தவர்கள்" என்று எழுதுகிறார். மற்றவர் "நாங்கள் ஆயிரம் வருஷமாக இங்கே இருக்கிறோம்" என்று பதில் எழுதுகிறார். கீழே இருநூறு பின்னூட்டம். அதில் பாதி நான் படிப்பித்த பிள்ளைகளின் வயதில் உள்ளவர்கள் எழுதியவை. வாசித்தால் மனம் கனக்கிறது. காரணம், இரண்டு பக்கத்திலும் எழுதுகிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் தாங்கள் சண்டை பிடிக்கும் மண்ணின் படம் மனதில் இருக்கிறது. முகத்துவாரம் எத்தனை, அது எப்போது மூடும், எப்போது வெட்டுவார்கள், படுவான்கரை என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்டால் விழிப்பார்கள்.

குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. நாங்கள் படிப்பிக்கிற முறை அப்படி. சாதாரண தரம் வரைக்கும் வரலாறு கட்டாய பாடம். அந்தப் பாடநூலில் மட்டக்களப்பு வருவது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த கப்பல் இறங்கிய இடமாகத்தான். 1602இல் ஒல்லாந்துக் கப்பற்படைத் தலைவன் ஸ்பில்பேர்கன் வந்து இறங்கினான், 1638இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். அவ்வளவுதான். அவன் இறங்கியபோது கரையில் நின்றவர்கள் யார், என்ன சாப்பிட்டார்கள், எந்தத் தோணியில் போனார்கள் என்று கேட்க எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

அல்ப்ஸ் மலையில் இன்ஸ்புறூக் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. அந்தப் பெயரின் பொருளே "இன் ஆற்றின் பாலம்" என்பதுதான். ஆற்றைக் கடக்க ஒரு பாலம், பக்கத்தில் மலையைத் தாண்ட ஒரு கணவாய். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் சந்தை வந்தது, சந்தையைச் சுற்றி நகரம் வந்தது, பிறகு அரசர்கள் வந்தார்கள். முதலில் நிலம், பிறகுதான் அரசன். எந்தப் பழைய நகரத்தின் கதையையும் இந்த ஒழுங்கில் சொன்னால்தான் விளங்கும். எங்கள் ஊரின் கதையையும் அப்படிச் சொல்லிப் பார்ப்போம்.

மலை இல்லை, எங்களுக்கு இருப்பது வாவி. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளம். பாடநூல் அதை வாவி என்கிறது. எங்கள் சனம் அதை ஆறு என்றுதான் சொல்லும். களப்பு என்ற சொல் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. கடலுக்கும் இந்த ஆற்றுக்கும் இடையில் ஒரு மெல்லிய மணல் நிலம். அது எழுவான்கரை, சூரியன் எழும் பக்கம். ஆற்றுக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயலும் காடும் குளமும் படுவான்கரை, சூரியன் படும் பக்கம். இவ்வளவு அழகான திசைப் பெயர் வேறு எங்கே இருக்கிறது? எழுவான்கரையில் வீடும் கடையும் தென்னையும் மீனும். படுவான்கரையில் வேளாண்மையும் மாடும் தேனும் விறகும். ஒரு கரை மற்றக் கரை இல்லாமல் ஒரு மாதம்கூடச் சாப்பிட முடியாது. இந்த மாவட்டத்தின் முழு வரலாறும் இந்த ஒரு வரியில் அடங்கும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

இரண்டு கரையையும் இணைத்தது தோணியும் "பாதை"யும். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் தெரு அல்ல. ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் நெல் மூட்டையையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை. குருமன்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் பாதை ஓடிய கதை எல்லோருக்கும் தெரியும். மண்முனையில் 2014இல்தான் பாலம் திறந்தார்கள். அதுவரைக்கும் கொக்கட்டிச்சோலைக்குப் போகிற தமிழ் பக்தரும், அந்தப் பக்கம் சாமான் விற்கப் போகிற காத்தான்குடி வியாபாரியும் ஒரே பாதையில்தான் நின்றார்கள். கல்லடிப் பாலம் 1924இல் வந்தது. அதற்கு முன்னர் மட்டக்களப்பு நகரத்துக்குக் கல்லடியில் இருந்து போவதென்றாலும் தண்ணீரைக் கடந்துதான் போக வேண்டும். ஏனென்றால் நகரத்தின் நடு, புளியந்தீவு, உண்மையிலேயே ஒரு தீவு.

இப்போது அரசர்களுக்கு வருவோம்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரையோரப் பட்டினங்கள் பல போர்த்துக்கேயரின் கையில். நடுவில் மலைகளுக்குள் கண்டி இராச்சியம். மலை கண்டிக்குப் பாதுகாப்பு. ஆனால் மலைக்கு உப்பு வேண்டும், துணி வேண்டும், வெளிநாட்டோடு பேச ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் கிழக்குக் கரை. மட்டக்களப்பு கண்டியின் கடல் வாசல். ஸ்பில்பேர்கன் 1602இல் இங்கே இறங்கி, இங்கிருந்து உள்நாட்டு வழியாகக் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தது அதனால்தான்.

இந்தப் பின்னணியில்தான் 1626ஐ வாசிக்க வேண்டும். போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களை ஏற்றான். அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதியிருக்கிறார். முகநூலில் எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடும் எண் இதுதான். அரசன் ஏன் மட்டக்களப்பைத் தெரிந்தான் என்று யாரும் கேட்பதில்லை. வயல் இருந்தது. ஆறு இருந்தது. கடல் வாசல் இருந்தது. அந்த வாசலில் வியாபாரமும் தோணியும் தெரிந்த, போர்த்துக்கேயரிடம் அடி வாங்கிய மக்கள் இருப்பது கண்டிக்கு நல்லது. அதோடு, அந்த நாலாயிரம் பேரும் ஆளில்லாத காட்டில் இறக்கப்படவில்லை. ஏற்கனவே இங்கு வாழ்ந்த தமிழ் மக்களின் நடுவில்தான் வந்தார்கள். அதற்கு முன்பும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகவே "1626இல்தான் வந்தீர்கள்" என்பதும் முழுக்கதை அல்ல. "எங்களை யாரும் வரவேற்கவில்லை, நாங்களே இருந்தோம்" என்பதும் முழுக்கதை அல்ல.

இரண்டு வருஷம் கழித்து, 1628இல், போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். கண்டியின் வாசலைப் பூட்டுவதற்கு. 1638 மே மாதம் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். அதே மாதம் மட்டக்களப்பில் வைத்தே இருவரும் ஒப்பந்தம் செய்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். எங்களில் பலர் காணி அலுவலுக்கும் ஓய்வூதிய அலுவலுக்கும் கச்சேரிக்குப் போய் வரிசையில் நின்றது அந்தக் கோட்டைக்குள்தான். பிள்ளைகளைக் கூட்டிப்போய் மதிலைக் காட்டி, "இது ஏன் இந்த இடத்தில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஆற்றைப் பார்க்கும் பிள்ளை விடையைத் தானாகச் சொல்லும்.

இன்னுமொரு விஷயம். மட்டக்களப்பு என்ற பெயரே முதலில் இப்போதைய நகரத்துக்கு உரியதாக இருக்கவில்லை, தெற்கே சம்மாந்துறைப் பக்கத்துக்கு வழங்கியது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சம்பான்கள் வந்த துறை சம்மாந்துறை என்றும் சொல்வார்கள். அப்படியென்றால் பெயர்கூட ஆற்றோடு நகர்ந்து வந்திருக்கிறது. இன்று அந்தப் பக்கம் அம்பாறை மாவட்டம், இந்தப் பக்கம் மட்டக்களப்பு மாவட்டம். 1961இல் போட்ட கோடு அது. ஆறு அந்தக் கோட்டை அறியாது.

வரலாற்றுப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் எங்கள் வீடுகளுக்குள் இருக்கிற வரலாறு ஒன்று உண்டு. அது குடி. மட்டக்களப்புத் தமிழருக்கும் குடி உண்டு, முஸ்லிம்களுக்கும் குடி உண்டு. இரண்டு பேருக்கும் குடி தாய்வழியாகத்தான் வரும். பிள்ளை உம்மாவின் குடி. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். வீடு மகளுக்கு. காத்தான்குடியில் வாப்பாமார் வயது போகும்வரை உழைத்து மகள்மாருக்கு வீடு கட்டிக் கொடுத்து ஓய்ந்து போவதும், ஆரையம்பதியில் அப்பாமார் அதையே செய்வதும் ஒரே வழக்கத்தின் இரண்டு முகங்கள். கோயிலில் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருந்ததுபோல் பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்தார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றில் தங்கி இதை வருஷக்கணக்காக ஆராய்ந்து 2008இல் பெரிய நூலாக வெளியிட்டார். எங்கள் வீட்டுக் கதையை அமெரிக்காவில் இருந்து வந்து ஒருவர் எழுத வேண்டியிருந்தது.

மார்க்கத்தில் சீதனம் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பது வேறு விவாதம். அதில் எனக்கும் கடுமையான கருத்து உண்டு. இன்னொரு நாள் எழுதுகிறேன். இங்கே நான் சொல்ல வருவது, இப்படியொரு குடும்ப அமைப்பு பக்கத்து வீட்டைப் பார்த்து ஒரு நாளில் எடுத்த பழக்கமாக இருக்க முடியாது என்பது. அதற்குப் பின்னால் கலியாணமும் காணியும் கூட்டு வேளாண்மையும் பல தலைமுறையாக இருந்திருக்க வேண்டும். களவெட்டியில் சூடு மிதிக்கும்போது பேசிய தனிச் சொற்கள் இருக்கின்றனவே, நெல்லைப் பொலி என்பது போல, அந்தச் சொற்கள் தமிழ்ப் போடியாருக்கும் முஸ்லிம் போடியாருக்கும் பொதுவாக இருந்தவை.

இந்த மாவட்டத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசும் பறங்கியர் இன்னும் நகரத்தில் இருக்கிறார்கள். வாகரைப் பக்கம் கரையோர வேடர் இருக்கிறார்கள். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியில் எல்லாச் சமூகத்தாரும் படித்தார்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்லடி உப்போடையில் கட்டிய சிவானந்தாவில் முஸ்லிம் பிள்ளைகளும் படித்தார்கள்.

எல்லாம் இனிப்பாகவே இருந்தது என்று நான் எழுதினால் அது பொய். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், கைக்குழந்தைகள் உட்பட. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகள். அதைச் செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். இவற்றில் எதையும் மறைத்து வரலாறு படிப்பிக்கக் கூடாது. ஆனால் எங்கள் பிள்ளைக்கு ஓகஸ்ட் 3 மட்டும் தெரிந்து செப்ரெம்பர் 9 தெரியாவிட்டால், பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு செப்ரெம்பர் 9 மட்டும் தெரிந்து ஓகஸ்ட் 3 தெரியாவிட்டால், இரண்டு பேருக்கும் தெரிந்தது அரை வரலாறு. அரை வரலாறுதான் பின்னூட்டங்களில் கத்தியாக வருகிறது.

இன்னொரு நடைமுறைப் பிரச்சினை. ஏறாவூரிலிருந்து நிந்தவூர் வரை ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். காத்தான்குடி, ஆரையம்பதி, பாலமுனை, தாழங்குடா. கீழே போனால் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். மணிமாலை போல மாறி மாறி வரும். ஒரே மொழி, ஒரே பாடநூல், ஒரே பரீட்சை. ஆனால் தமிழ்ப் பாடசாலை வேறு, முஸ்லிம் பாடசாலை வேறு, லீவு நாட்களும் வேறு. ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் பதினொரு வருஷம் படித்து முடித்தும் ஒருவரை ஒருவர் சந்திக்காமலே வெளியேற முடியும். வெளியேறுகிறார்கள். முதற்சந்திப்பே முகநூல் சண்டையில்தான் நடக்கிறது.

இதையெல்லாம் விட அவசரமான காரணம் ஒன்று இருக்கிறது, அதுவும் ஆறுதான்.

ஆற்றுக்குக் கடல் வாசல் இரண்டு. ஒன்று நகரத்துக்குப் பக்கத்தில் பாலமீன்மடு முகத்துவாரம். மற்றது தெற்கே கல்லாற்றில். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மாரியில் மழை கொட்டும். உன்னிச்சையும் நவகிரியும் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் ஆற்றுக்குத்தான் வரும். வாய் மூடியிருந்தால் வயலும் ஊரும் தாழும். அப்போது முகத்துவாரத்தை வெட்ட வேண்டும். எப்போது வெட்டுவது? பிந்தி வெட்டினால் படுவான்கரை வேளாண்மை அழுகும், எழுவான்கரையில் வீடுகளுக்குள் தண்ணீர் வரும். முந்தி வெட்டினால் ஆற்று நீர் ஓடி முடிந்து உப்பு ஏறும், மீனும் இறாலும் பாதிக்கும். தமிழ் விவசாயி, முஸ்லிம் காணிக்காரர், இரண்டு சமூகத்து மீனவர், நகரத்துக் குடியிருப்பாளர் எல்லோரும் ஒரு தீர்மானத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 சுனாமி, இவை ஊர் பார்த்தா அடித்தன?

அந்த ஆற்றைத்தான் நாங்கள் இரண்டு பக்கத்திலும் நின்று மண் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம். கட்டட இடிபாடு, குப்பை, கோழிக்கழிவு எல்லாம் கரைக்கு. கண்ணாக்காட்டை வெட்டி வேலி அடைக்கிறோம். காணி இல்லை என்பது உண்மை. காத்தான்குடி போன்ற ஊரில் சில சதுர கிலோமீற்றருக்குள் சுமார் நாற்பதாயிரம் பேர் நெருக்கி வாழ்கிறார்கள். மகளுக்கு வீடு கட்ட ஒரு துண்டு நிலம் தேடி அலையும் வாப்பாவின் கஷ்டம் எனக்குத் தெரியும். அந்தக் காணிப் பிரச்சினைக்கு நீதியான தீர்வு கேட்க எங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஆற்றை நிரப்பி எடுக்கும் காணி, அடுத்த மாரியில் தண்ணீரை எங்கள் வீட்டுக்கும் அயல் ஊர் வீட்டுக்கும் சேர்த்துத் தள்ளும். கண்டல் மரத்தடியில்தான் மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கின்றன. அதை வெட்டிவிட்டு ஆற்றுமீன் விலை ஏறிவிட்டது என்று சந்தையில் நின்று கவலைப்படுகிறோம்.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யார் முதலில் வந்தார்கள் என்ற கேள்விக்கு ஆதாரத்தோடு விடை தேடுவது ஆய்வாளரின் வேலை, அதை அவர்கள் செய்யட்டும். பாடசாலையின் வேலை வேறு. இந்த நிலம் எப்படி இயங்குகிறது, இதில் எங்களை விட வேறு யார் வாழ்கிறார்கள், அவர்களோடு நாங்கள் எப்படி வாழ்ந்தோம், எங்கே தவறிப் போனோம் என்று பிள்ளைக்குக் காட்டுவது. அதற்கு அமைச்சின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மூன்று விஷயம் நாளைக்கே தொடங்கலாம்.

ஒன்று. எட்டாம், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளை வருஷத்தில் ஒரு நாளாவது ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போங்கள். பெருஞ்செலவு இல்லை. முகத்துவாரம், கோட்டை, கல்லடிப் பாலம், ஒரு பாதைத்துறை, ஒரு கண்டல் கரை. புவியியலும் வரலாறும் ஒரே நாளில் முடியும்.

இரண்டு. பக்கத்து ஊர்ப் பாடசாலையோடு சேர்ந்து ஒரு சிறு வேலை. ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு முஸ்லிம் பிள்ளையும் சேர்ந்து இரண்டு ஊர்களிலும் ஒவ்வொரு முதியவரைச் சந்தித்து, பழைய பாதைத்துறை, வட்டைப் பெயர், மீன் பெயர், களவெட்டிச் சொல் ஆகியவற்றைக் கேட்டு எழுதட்டும். தொலைபேசியில் பதியட்டும். அந்த முதியவர்கள் போய்விட்டால் அந்தச் சொற்களும் போய்விடும். வி.சீ. கந்தையா அவர்கள் 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலைத் தந்தார். அதற்குப் பிறகு சேர்க்க எவ்வளவோ இருக்கிறது, முஸ்லிம் ஊர்களைப் பற்றி இன்னும் அதிகம்.

மூன்று. ஆற்றங்கரையில் குப்பை கொட்டுவதை ஊர் மட்டத்தில் நிறுத்துவது. ஜும்ஆவில் கதீப்மார் ஒரு தடவை பேசினால் ஒரு மாத விழிப்புணர்வுக் கூட்டத்தை விடப் பலன் தரும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நாங்கள் படித்திருக்கிறோம். எங்கள் ஊரில் ஆறும் ஒரு பாதைதான்.

ஆசிரிய நண்பர்களே, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்ற பேதம் இல்லாமல் உங்களைத்தான் கேட்கிறேன். இரண்டாவது வேலைக்கு ஒரு பாடசாலை கைகொடுத்தால் அடுத்த தவணையில் எங்கள் பக்கத்தில் நான் தொடங்கத் தயார். உள்பெட்டியில் எழுதுங்கள். மற்றவர்கள் பின்னூட்டத்தில் உங்கள் ஊரில் வழங்கும் பழைய துறைப் பெயர் ஒன்றையும் வட்டைப் பெயர் ஒன்றையும் எழுதுங்கள். உம்மாவிடம், அம்மாவிடம், மூத்தவாப்பாவிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. யார் முதலில் வந்தது என்று எழுதும் பின்னூட்டங்களை இந்தப் பதிவின் கீழ் நீக்கிவிடுவேன், கோபிக்க வேண்டாம்.